கேட்டதும் கிடைத்ததும்

மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறி அறிவியல் துறை

என் ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் வரலாற்றுத் துறை நண்பர்கள் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள், மற்றவர்கள், "மண்டபமா, மண்டகப்படியா?" என்று கேட்பார்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் அங்கே இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், அயன் அரன் அரி மூவர்க்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை ஆக்கினான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் பட்டப் பெயர். எதைக் கொண்டு கட்டினேன் என்று சொல்லாமல், எதுவெல்லாம் இல்லாமல் கட்டினேன் என்று பெருமைப்பட்டுக்கொண்ட அரசன் அவன்! வாயிற்காவலர் இருவர் காலடியில் ஒளிந்து விளையாடிய வயதில் இந்தச் செய்தி எனக்குத் தெரியாது.

அதே ஊரில் பிறந்த நான் கட்டியதோ அதற்கு நேர்மாறானது. இரண்டாம் ஆண்டில் படிக்கும்போது பயிற்சிக்காக ஓர் இணையச் செயலியை எழுதினேன். எங்கள் ஊருக்கு நாளை மழை உண்டா, எவ்வளவு பெய்யும் என்று காட்டும் ஒரே ஒரு பக்கம். அடியில் ஊரைப் பற்றி நான்கு வரி. அதில் என் சொந்தச் சரக்கு என்று எதுவுமே இல்லை. மழைக் கணிப்பு வெளிநாட்டில் உள்ள ஒரு சேவையகத்திலிருந்து வந்தது. ஊர்க்குறிப்பு தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து வந்தது. இரவல் வாங்கியவற்றை வரிசையாக அடுக்கியதுதான் என் கைவேலை. இவ்வாறு ஒரு செயலி வேறொரு கணிப்பொறியைக் கேட்டு வாங்குவது எப்படி நடக்கிறது, அது எங்கே காலை வாரிவிடுகிறது என்பதைப் பட்டு அறிந்தவன் என்ற உரிமையில் இக்கட்டுரையை எழுதுகிறேன். இது கணிப்பொறி மாணவர்க்கு மட்டுமே உரிய செய்தி என்று பிற துறை நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தேநீர்க் கடையில் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தும்போதும், தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதும் திரைக்குப் பின்னால் நடப்பது இதுவேதான்.

என் தாத்தா காலத்தில் தபால் நிலையத்தில் இரட்டைக் கார்டு என்று ஒன்று விற்றார்களாம். ஒரு பாதியில் நாம் கேள்வி எழுதி அனுப்புவோம். ஒட்டியிருக்கும் மறுபாதியில் பதில் எழுதி அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். எச்.டி.டி.பி. என்னும் முறை ஏறத்தாழ அந்த இரட்டைக் கார்டுதான். கேட்பவர் ஒருவர், பதில் சொல்பவர் ஒருவர். கேளாமல் பதில் வராது. ஒரு கேள்விக்கு ஒரு பதில். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இதை உருவாக்கியபோது கேள்வி ஒரே ஒரு வரிதான்: 'கெட்' என்ற சொல், அதன் பின்னே வேண்டிய பக்கத்தின் பெயர். 1996-இல் வெளியான 1.0 பதிப்பில்தான் தலைப்பு வரிகளும், பதிலின் நிலையைச் சொல்லும் மூன்று இலக்க எண்களும் ஒழுங்குபடுத்தப்பட்டன. அந்தத் தலைப்பு வரிகளில் ஒன்றான 'ரெஃபரர்' என்பதன் ஆங்கில எழுத்தில் ஒரு 'ஆர்' விடுபட்டுவிட்டது. பிழை என்று கண்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. உலகத்துக் கணிப்பொறிகள் அனைத்தும் இன்றுவரை அந்த எழுத்துப் பிழையோடுதான் பேசிக்கொள்கின்றன. தேர்வுத் தாளில் ஓர் எழுத்து விட்டால் மதிப்பெண் போகிறது. அங்கே அதுவே சட்டமாகிவிட்டது!

கேள்வி புறப்படுவதற்கு முன் சில சடங்குகள் உண்டு. சேவையகத்தின் பெயர் நமக்குத் தெரியும். எண் முகவரி தெரியாது. முகவரிப் புத்தகம் போன்ற ஒரு சேவையிடம் கேட்டு அதை முதலில் பெற வேண்டும். பிறகு இணைப்பு ஏற்பட வேண்டும். பிறகு, இடையில் யாரும் படித்துவிடாதபடி இருவரும் மறைமொழிச் சாவியை ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் பிறகே நம் கேள்வி போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்குவரத்து ஆகிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இல் போட்ட கடலடிக் கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அப்படியானால் போய்வர 32 மில்லி வினாடி. இணைப்புக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று என்று மூன்று முறை போய்வந்தால் பத்தில் ஒரு வினாடி. எத்தனை பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. ஒளியின் வேகம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. அதனால்தான் ஒருமுறை ஏற்பட்ட இணைப்பை மூடாமல் வைத்திருந்து அடுத்த கேள்விக்கும் பயன்படுத்துகிறார்கள்.

தமிழில் கேட்டால் புரியுமா என்ற ஐயம் எனக்கும் இருந்தது. விக்கிப்பீடியாவில் எங்கள் ஊரைத் தேட வேண்டுமானால் 'மண்டகப்பட்டு' என்ற சொல்லை முகவரியில் வைத்து அனுப்ப வேண்டும். முகவரியிலோ தமிழ் எழுத்து அப்படியே போகாது. நம் கண்ணுக்கு அது எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் புள்ளியும் உகரக் குறியும் தனியே எண்ணப்படுவதால் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 36. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றி எழுதப்படும், ஆக 108. எட்டெழுத்து நூற்றெட்டாக மாறிப் போகிறது! திவ்விய தேசக் கணக்கு என்று என் அம்மா மகிழ்ந்தார். நல்ல வேளையாக, இந்த மாற்றத்தை நிரலகமே செய்துவிடும். நாம் கையால் செய்யப் புகுந்தால் தவறு நிச்சயம்.

இன்னொன்றும் கற்றேன். கேட்பவர் யார் என்று சொல்லிக்கொண்டு கேட்பதே முறை. தானியங்கி நிரல் எழுதுவோர் தம் நிரலின் பெயரையும் தம்மைத் தொடர்புகொள்ளும் வழியையும் தலைப்பு வரியில் தெரிவிக்க வேண்டும் என்று விக்கிமீடியா விதித்திருக்கிறது. பெயர் சொல்லாமல் கதவைத் தட்டினால் திறக்காமலும் போகலாம். நியாயம்தானே?

பதிலோடு வரும் எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 200 என்றால் நலம். 404 என்றால் அப்படி ஒன்று இங்கில்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறாய், பொறு. 503 என்றால் இப்போது இயலாது. ஆனால் 200 வந்துவிட்டது என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வருவதை நம்பிவிடக் கூடாது. '200, நலம்' என்று உறையின் மேல் எழுதி, உள்ளே 'பிழை' என்று தாள் வைத்து அனுப்பும் சேவையகங்களும் உண்டு. பிரித்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் பதில் வந்தால் வருபவை. பதிலே வராவிட்டால்? அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதன் விலையை என் சித்தப்பா கொடுத்தார்.

2024 நவம்பர் கடைசி வாரம். வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகுமா ஆகாதா என்பது இழுபறியாக இருந்தது. என் பக்கத்தை ஊரில் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில் அது கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிச் சுற்று வட்டாரத்தில் பலர் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 27-ஆம் தேதி மாலை சித்தப்பா அழைத்தார்.

"ஏண்டா தம்பி, ஒன் பக்கம் சுத்திக்கினே இருக்குது. மழையும் காட்டல, வெயிலும் காட்டல."

என் செயலி இயங்கிய வாடகைக் கணிப்பொறியின் பதிவேட்டைப் பார்த்தேன். அங்கே வேலை செய்ய நான்கு 'பணியாள்'களை நியமித்திருந்தேன். பணியாள் என்றால் மனிதரல்லர். வருகிறவரின் கேள்வியை ஏற்றுப் பதில் தயாரிக்கும் நிரல் ஓட்டம். ஒருவர் பக்கத்தைத் திறந்ததும் ஒரு பணியாள் வெளிநாட்டுச் சேவையகத்தைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பான். அன்று அங்கே இணைப்பு கிடைத்தது, பதில் வரவில்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளேயிருந்து ஆள் வரவில்லை என்பதுபோல. நான்கு பேர் பக்கத்தைத் திறந்ததும் நான்கு பணியாள்களும் வெளியூர்க் கதவில் நின்றுவிட்டார்கள். ஐந்தாவதாக வந்தவருக்கு என் வீட்டில் ஆளே இல்லை. ஊர்க்குறிப்பை மட்டும் படிக்க வந்தவர்கூட வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. 30 வினாடி அசையாமல் நிற்கும் பணியாளை நீக்கிவிட்டு வேறொருவனை அமர்த்தும் ஏற்பாடு என் கணிப்பொறியில் இருந்தது. புதியவனும் அதே கதவில் போய் நின்றான்.

குற்றம் வெளிநாட்டுச் சேவையகத்தினுடையது என்றே முதலில் எண்ணினேன். மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் நிரலைக் காட்டினேன். அவர் ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு இதுல எங்கப்பா சொல்லியிருக்க?"

"சொல்லலைங்க ஐயா. அதுவே பார்த்துக்கும்னு நெனைச்சேன்."

"அது பார்த்துக்காது. நீ சொல்லலைன்னா சாகுற வரைக்கும் காத்திருக்கும்."

நான் பயன்படுத்தியது பைத்தான் மொழியில் பலரும் கையாளும் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற நிரலகம். காலக்கெடு சொல்லாவிட்டால் அது காலவரையின்றிக் காத்திருக்கும். அதன் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. நான் படிக்கவில்லை. பி.எச்.பி. மொழியில் இயல்பாகவே 60 வினாடி வரம்பு உண்டு. ஆனால் பக்கத்தைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பவர் யார்? எனவே கெடு விதிப்பது எழுதுபவரின் கடமையே. அதுவும் இரண்டு கெடு: இணைப்புக் கிடைக்க எவ்வளவு நேரம், கிடைத்தபின் பதிலுக்கு எவ்வளவு நேரம். இணைப்புக்கு 3 வினாடி, பதிலுக்கு 5 வினாடி என்று வைத்தேன். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்த இரண்டாவது கெடு மொத்த நேரத்துக்கு அன்று. ஒரு துளி வந்தபின் அடுத்த துளி வரும்வரை உள்ள இடைவெளிக்கே. குழாயில் நான்கு வினாடிக்கு ஒரு சொட்டு வந்துகொண்டிருந்தால் ஐந்து வினாடிக் கெடு ஒருநாளும் முடியாது; குடமும் நிரம்பாது. மொத்த நேரத்துக்குத் தனியே ஒரு வரம்பு வேண்டும்.

கெடு முடிந்தால் என்ன காட்டுவது? இங்கேதான் நான் செய்த பெருந்தவறு. பதில் வராவிட்டால், கடைசியாக வந்த பதிலைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டு என்று அவசர அவசரமாக இரண்டு வரி சேர்த்தேன். பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. சுற்றல் இல்லை, பிழைச் செய்தி இல்லை. 28-ஆம் தேதி இரவு நிம்மதியாக உறங்கினேன்.

29-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், அது ஃபெஞ்சல் புயலாக உருவெடுத்தது. அன்று மாலை என் செயலி கேட்ட கேள்விகளுக்கு மீண்டும் பதில் வரவில்லை. என் இரண்டு வரி நிரல் தன் கடமையைச் செய்தது: முதல் நாள் வந்த கணிப்பை எடுத்துக் காட்டியது. அது எப்போது பெற்றது என்ற குறிப்பு பக்கத்தில் எங்கும் இல்லை. சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் உளுந்து. காய் முற்றிவிட்டது, பிடுங்க ஆள் சொல்ல வேண்டும். பக்கத்தைப் பார்த்தார். மழை மிதமாகத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

30-ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. டிசம்பர் 1-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில், நம் மாவட்டத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை பதிவாயிற்று. விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை இக்கட்டுரையைப் படிப்பவர் பலரும் நேரில் பட்டிருப்பீர்கள். நான் விவரிக்க வேண்டியதில்லை. சித்தப்பாவின் கொல்லையில் வரப்பே தெரியவில்லை. தண்ணீர் வடிந்தபோது காய்கள் செடியிலேயே முளை விட்டிருந்தன.

அவர் என்னைத் திட்டவில்லை. ஊரே மூழ்கியபோது ஒன்றரை ஏக்கரை யார் தனியே எடுத்துப் பேசுவார்? வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தாலும் ஆள் கிடைத்திருக்குமா என்பதும் ஐயம்தான். ஆனால் என் பக்கம் அவரிடம் பொய் சொன்னது என்பதில் ஐயமில்லை. சுற்றிக்கொண்டே இருந்த பழைய பக்கம் அவருக்கு எரிச்சல் ஊட்டியது. அதே காரணத்தால் அவர் வானொலியைக் கேட்டிருப்பார், தொலைக்காட்சியைப் பார்த்திருப்பார், பக்கத்து வீட்டில் விசாரித்திருப்பார். பளிச்சென்று திறந்த புதிய பக்கம் அவரை விசாரிக்க விடவில்லை.

பின்னர் நிரலைத் திரும்ப எழுதினேன். இப்போது வருகிறவர் ஒவ்வொருவருக்காகவும் என் செயலி வெளிநாட்டைக் கேட்பதில்லை. மணிக்கு ஒருமுறை தானாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் நாளைக்கு 24 கேள்விதான். பதில் வராவிட்டால் ஒரு வினாடி பொறுத்து மீண்டும் கேட்கும். பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கும். அதோடு ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் கூடக் குறையச் சேர்த்துக்கொள்ளும். எதற்கு என்றால், விழுப்புரம் பேருந்து நிலையத்தில் செஞ்சி வண்டி வந்து நின்றதும் நாம் என்ன செய்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே நொடியில் ஒரே படியில் கால் வைத்தால் ஒருவரும் ஏற முடியாது. சோர்ந்து விழுந்த சேவையகம் எழுந்திருக்கும்போது எல்லாச் செயலிகளும் அதே நொடியில் பாய்ந்தால் மறுபடியும் விழும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பொத்தானை விடாமல் அழுத்தும் நம் ஒவ்வொருவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

கணிப்புக்கு மேலே, மழை அளவைவிடப் பெரிய எழுத்தில், அது பெற்ற தேதியும் நேரமும் நிற்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் எண்ணையே காட்டாது; 'புதிய செய்தி கிடைக்கவில்லை, வானொலியைக் கேளுங்கள்' என்று மட்டும் சொல்லும்.

மழையைக் கேட்பதில் ஒரு வசதி உண்டு: எத்தனை முறை கேட்டாலும் வானம் மாறப் போவதில்லை. பணத்தில் அப்படியன்று. திண்டிவனத்திலிருந்து வரும் என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு போட்டித் தேர்வுக்குக் கட்டணம் கட்டினான். கடைசி நாள் இரவு. பணம் செலுத்தியதும் திரையில் 'தோல்வி, மீண்டும் முயல்க' என்று வந்தது. முயன்றான். மறுபடியும் தோல்வி. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. காலையில் வங்கிக் கணக்கைப் பார்த்தால் மூன்று கட்டணமும் போயிருந்தது. அதில் இரண்டு அக்காவிடம் கடனாக வாங்கியது. ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அந்த ஒரு வாரம் அவன் பேருந்துக்கும் உணவுக்கும் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நடந்தது என்ன? கட்டணப் பக்கம் வேறொரு சேவையகத்தைக் கேட்கிறது: இவரிடமிருந்து இவ்வளவு எடு. அங்கே எடுத்தாகிவிட்டது. 'எடுத்துவிட்டேன்' என்ற பதில் வரும் வழியில் தொலைந்தது. கெடு முடிந்ததும் இந்தப் பக்கம் 'தோல்வி' என்று எழுதிவிட்டது. ஆனால் அதற்குத் தெரிந்தது அவ்வளவா? கேள்வி போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் வேலை நடக்கவில்லையா, நடந்தும் பதில் வரவில்லையா என்று பிரித்தறிய அதற்கு வழியே இல்லை. மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மௌனம்தான். மௌனம் சம்மதம் என்பார்கள்; இங்கே மௌனம் சம்மதமும் அன்று, மறுப்பும் அன்று. நேர்மையான சொல் 'தெரியவில்லை, விசாரிக்கிறோம்' என்பதே.

எச்.டி.டி.பி.யை வகுத்தவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தார்கள். 'கெட்' என்பது பார்ப்பதற்கு. எத்தனை முறை பார்த்தாலும் கேடில்லை. 'புட்', 'டெலீட்' ஆகியவற்றைத் திரும்பச் செய்தாலும் முடிவு ஒன்றே. அழித்ததை மறுபடி அழித்தால் அழிந்தது அழிந்ததுதான். 'போஸ்ட்' அப்படியன்று. பத்து முறை அனுப்பினால் பத்து முறை நடக்கலாம். எனவே 'போஸ்ட்' கேள்விக்குப் பதில் வராதபோது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பும் நிரலை எழுதுவது, பிறர் பையில் கை விடுவதற்குச் சமம்.

மருந்து எளியதுதான். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும், அனுப்புவதற்கு முன்பே, நாமே ஒரு தனி எண் கொடுத்துவிட வேண்டும். மறுபடி அனுப்பினால் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். வாங்கும் சேவையகம் தன் ஏட்டைப் புரட்டிப் பார்க்கும்; இந்த எண்ணுக்கு முன்பே பணம் எடுத்தாயிற்று என்றால் மறுபடி எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தரும். கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர், "உங்க பேர்ல ஏற்கெனவே எழுதியாச்சுங்களே" என்று பணத்தைத் திருப்பித் தருவது போல. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையிலும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லி 'என்ன ஆயிற்று?' என்று தனியே விசாரிக்கவும் வழி உண்டு.

என் தோழனுக்கு அன்று தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். 2019 செப்டம்பர் 20-ஆம் நாளிட்ட இந்திய ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இதற்கென்றே கெடு விதித்தது. யு.பி.ஐ. மூலம் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தி அவரிடமிருந்து உறுதி வராவிட்டால் ஐந்து நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலே. கணிப்பொறிக்கு வினாடியில் வைக்கும் கெடுவை ரிசர்வ் வங்கி நாளில் வைத்திருக்கிறது, தத்துவம் ஒன்றே.

இனி ஓர் ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஊர்க் கோயிலின் படங்களைச் சேர்க்க விரும்பி, 'உங்களுக்குத் தெரிந்த படத்தின் முகவரியை இங்கே ஒட்டுங்கள், என் செயலி போய் எடுத்து வரும்' என்று ஒரு பெட்டி வைக்கத் திட்டமிட்டேன். பேராசிரியர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. யாரோ தரும் முகவரிக்கு நம் சேவையகத்தை அனுப்புவது, வீட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருக்கும் பிள்ளையை வழிப்போக்கர் சொல்லும் இடத்துக்கெல்லாம் அனுப்புவது போன்றது. வெளியாள் நுழைய முடியாத உள்ளறைக்கும் நம் சேவையகம் போக முடியும் அல்லவா? அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் 2019-இல் வெளிப்பட்ட திருட்டு இந்த வழியாகத்தான் நடந்தது. வங்கி வாடகைக்கு எடுத்திருந்த கணிப்பொறியை ஏய்த்து, தன் இரகசியச் சாவியைத் தானே கேட்டுப் பெற்று வெளியே தரும்படி செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேரின் விவரங்களும் கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்களும் போயின. செயலி எந்தெந்த இடத்துக்குப் போகலாம் என்று பட்டியல் எழுதி, அதற்கு வெளியே அடி எடுத்து வைக்காதபடி கட்டுவதே வழி. என் பட்டியலில் இரண்டே பெயர்கள்.

அப்படியானால் வருகிறவரின் உலாவியே நேராக வெளிநாட்டைக் கேட்டுக்கொள்ளட்டுமே, என் சேவையகம் எதற்கு இடையில் என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. சில இடங்களில் அப்படிச் செய்யலாம். ஆனால் ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தின் பதிலைப் படிக்க வேண்டுமானால், அந்த வேறு தளம் இசைவு தந்தாலொழிய உலாவி விடாது. கட்டணம் வாங்கும் சேவையானால் அதற்குரிய சாவி எல்லார் கைப்பேசியிலும் போய்விடும். எங்கள் ஊரில் கைப்பேசிச் சமிக்ஞை எப்படி என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒருமுறை கேட்பதே அங்கே பெரும்பாடு.

சென்ற ஐப்பசியில் சித்தப்பா மறுபடி உளுந்து விதைத்தார். மேகம் கறுத்த ஒரு நாள் அவரே அழைத்தார். மழை எவ்வளவு என்று கேட்பார் என்று எண்ணிக் கைப்பேசியை எடுத்தேன்.

"தம்பி, காலையில ஏழு மணிக்கு எடுத்ததுன்னு போட்டுருக்குது. இப்ப மணி பதினொண்ணு. நடுவுல கேக்கலையா அது?"

கேட்டிருந்தது. நான்கு முறை கேட்டு நான்கு முறையும் பதில் வரவில்லை. பதிவேட்டில் பார்த்து அவரிடம் அப்படியே சொன்னேன். "சரி, வானொலி போட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

இந்தச் செயலியின் நிரல் நம் துறை ஆய்வகத்தில் இருக்கிறது. தங்கள் ஊருக்கு இப்படி ஒன்று வேண்டும் என்போர் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். காலக்கெடு உள்ள வரியைத் தயவுசெய்து அழித்துவிட வேண்டாம்.